ஒறுத்தலும் நன்னயமும்: டால்ஸ்டாய் மடலில் ஆறு குறட்பாக்கள்

திருக்குறளின் உலகப் பெருமையைப் பேசும் உரைகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். உருசிய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் தம் மடல் ஒன்றில் குறட்பாக்களை எடுத்தாண்டார். அம்மடல் காந்தியடிகளின் கைக்குச் சென்று அறப்போருக்கு உரமாயிற்று என்பதே அச்செய்தி. செய்தி உண்மையானது. ஆயின் அதைச் சொல்லிக் கைதட்டல் பெற்றவுடன் பேச்சு அடுத்த பெருமைக்குத் தாவிவிடுகிறது. எடுத்தாளப்பட்டவை எந்தக் குறட்பாக்கள், விடப்பட்டவை எவை, டால்ஸ்டாய் அவற்றின்மீது ஏற்றிய பொருளைக் குறள்நூல் முழுவதும் தாங்குமா என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. வன்முறையைக் கொள்கையளவில் மறுப்பது என்றால் என்ன என்பதைத் தமிழ்ப் பனுவலை வைத்து ஆராய்வதற்கு இதனினும் நல்ல வாயில் நமக்கு வாய்ப்பது அரிது. அவ்வாயிலைப் பெருமைப்பட்டயமாகச் சுவரில் மாட்டிவிட்டோம் என்பதே நம் குறை.

மடலின் வரலாறு சுருக்கமாக வருமாறு. வங்கத்துப் புரட்சியாளராகிய தாரக்நாத் தாஸ் கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து 'சுதந்திர இந்துஸ்தானம்' என்னும் பொருள்படும் ஆங்கில இதழை நடத்திவந்தார். ஆங்கிலேயரை எதிர்த்து நிற்க இந்தியர் ஆயுதம் ஏந்துவதே வழி என்னும் கருத்துடைய அவர், டால்ஸ்டாயின் ஆதரவை நாடி எழுதினார். எண்பது வயதை எட்டியிருந்த டால்ஸ்டாய் 1908 டிசம்பர் 14ஆம் நாளிட்டு நீண்டதொரு மறுமொழி வரைந்தார். அது தாஸ் விரும்பிய மறுமொழியன்று. ஒரு வணிகக் குழுமம் இருபது கோடி மக்களை எவ்வாறு அடிமைப்படுத்த இயலும் என்று வினவி, அடிமைப்படுத்தியவர் ஆங்கிலேயர் அல்லர், வன்முறையையே வாழ்க்கை நெறியாக ஏற்றுக்கொண்ட இந்தியர் தம்மைத் தாமே அடிமைப்படுத்திக்கொண்டனர் என்று அவர் விடையிறுத்தார். குடிகாரர்கள் தம் ஊரில் கடை வைத்த சாராய வணிகர்மேல் பழி சொல்வதற்கு இதனை ஒப்பிட்டார். அடக்குமுறைக்குத் துணைபோவதை மக்கள் நிறுத்தினால் போதும். எதிர்த்து அடிக்கவும் வேண்டா, உதவவும் வேண்டா என்பது அவர் காட்டிய வழி.

இலண்டனில் இருந்த காந்தியடிகளுக்கு அம்மடலின் படி ஒன்று கிட்டியது. 1909 அக்டோபர் 1ஆம் நாள் அவர் டால்ஸ்டாய்க்கு எழுதிய முதல் கடிதத்தில், தம் நண்பர் ஒருவர் அதனை 20,000 படிகள் அச்சிட்டு வழங்க முன்வந்துள்ளதைக் குறிப்பிட்டு இசைவு கேட்டார். அவ்வாண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலிலேயே அதனைக் குசராத்தியில் பெயர்த்தார். 'இந்திய சுயராச்சியம்' என நாம் அறியும் நூல் எழுதப்பெற்றதும் அதே கப்பற்பயணத்திலேதான்.

மடலின் இயல் ஒவ்வொன்றும் மேற்கோள்களைத் தலையில் தாங்கி நிற்கிறது. வேதம், கிருட்டிணர் மொழி, விவிலியம் முதலியவற்றோடு ஓர் இயலின் முகப்பில் 'இந்துக் குறள்' என்னும் பெயரில் ஆறு கருத்துகள் வருகின்றன. அவை 'இன்னா செய்யாமை' அதிகாரத்தின் 311 முதல் 315 வரையுள்ள ஐந்தும் 319ஆம் குறளுமாகும். பத்தில் ஆறு எடுக்கப்பட்டு நான்கு விடப்பட்டன. விடப்பட்ட நான்கைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

மொழிபெயர்ப்பிலேயே பொருள் மாறியிருப்பதை முதலில் நோக்க வேண்டும். 311ஆம் குறள், சிறப்பைத் தரும் செல்வத்தைப் பெறுவதாயினும் பிறர்க்கு இன்னாதன செய்யாமையே மாசற்றவர் கொள்கை என்கிறது. பரிமேலழகர் இச்செல்வத்தை யோகத்தால் கிட்டும் அணிமா முதலிய சித்திகளாகக் கொள்வார். துறவிக்கு உரிய அதிகாரம் ஆதலின் துறவிக்கு வரக்கூடிய சபலத்தைச் சொல்கிறார் என்பது அவர் கருத்து. டால்ஸ்டாய் மடலின் ஆங்கில வடிவத்திலோ அது பேராற்றல் அல்லது பெரும் அதிகாரம் என்றாகிறது. பேரரசை எதிர்த்து நிற்கும் ஒரு நாட்டுக்கு எழுதிய மடலில் அச்சொல் அரசியல் அதிகாரத்தையே நினைவூட்டும். தவச்சாலையில் நின்ற குறள் ஒரே தாவலில் அரசியல் மேடைக்கு வந்துவிட்டது. இதனைப் பிழை என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. குறளில் இல்லாத சித்திகளைப் பரிமேலழகர் கொண்டுவந்தது எவ்வளவு துணிவோ அவ்வளவே டால்ஸ்டாய் கொண்டதும். ஆனால் இரண்டும் துணிவுகளே என்பதை மறத்தலாகாது.

நம் கருத்தை நிலைநிறுத்த உதவுவது 314ஆம் குறள். தமிழ் பயின்ற எவரும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியது. தீங்கு செய்தவரை ஒறுப்பதாவது அவர் நாணும்படி நன்மை செய்துவிடுவது என்பது அதன் பொருள். இக்குறளின் வாக்கிய அமைப்பு உரையாசிரியர் பலராலும் எளிதாகக் கடந்து செல்லப்பட்டது. 'ஒறுக்காதே' என்று வள்ளுவர் இதில் கூறவில்லை. 'பொறுத்துக்கொள்' என்றும் கூறவில்லை. ஒறுத்தல் என்னும் சொல்லை எழுவாயாக நிறுத்தி, அதற்கு இதுவே பயனிலை என்கிறார். அதாவது தண்டனையை நீக்கவில்லை. தண்டனை என்னும் சொல்லின் பொருளை மாற்றுகிறார்.

ஒறுத்தல் என்னும் இச்சொல்லைக் குறள் முழுவதும் தேடிச் சென்றால் வியப்பு ஒன்று காத்திருக்கிறது. இல்லறவியலில் 'பொறையுடைமை' அதிகாரத்தின் 155, 156ஆம் குறள்கள், ஒறுத்தவரை உலகம் ஒரு பொருளாக மதிப்பதில்லை, ஒறுத்தவருக்குக் கிட்டுவது ஒருநாள் இன்பமே என்கின்றன. துறவறவியலின் 314 அச்சொல்லுக்குப் புதுப்பொருள் தருகிறது. பொருட்பாலில் 'செங்கோன்மை' அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 550, கொடியவரை வேந்தன் ஒறுத்தலைப் பயிருக்கு நடுவே களை பறிப்பதோடு ஒப்பிடுகிறது. 'வெருவந்த செய்யாமை'யின் முதற்குறள் (561), குற்றத்தை ஆராய்ந்து அது மீண்டும் நிகழாவண்ணம் தக்கவாறு ஒறுப்பவனே வேந்தன் என்கிறது. அதற்கு அடுத்த 'கண்ணோட்டம்' அதிகாரத்தின் 579ஆம் குறளோ ஒறுத்தற்குரியவரிடத்தும் கண்ணோடிப் பொறுத்தலே தலையாய பண்பு என்கிறது. இல்லறத்தான், துறவி, வேந்தன் ஆகிய மூவரும் இச்சொல்லின்முன் நிறுத்தப்படுகின்றனர். மூவருக்கும் ஒரே விடை தரப்படவில்லை.

இம்முரணைத் தீர்க்க நம்மவர் கையாளும் வழி எல்லார்க்கும் தெரிந்ததே. துறவிக்கு ஒரு நெறி, வேந்தனுக்கு ஒரு நெறி. இடம் வேறு, அறம் வேறு என்பர். பரிமேலழகரின் பால், இயல் பாகுபாடு இதற்கு அரணாக நிற்கிறது. 550ஆம் குறளில் 'கொலையின்' என்பதற்குக் கொலையால் என்று அவர் பொருள் விரித்து, தீ வைப்போர், நஞ்சிடுவோர், கள்வர், ஆறலைப்போர் முதலியோரைக் கொடியவர் பட்டியலில் நிரல்படுத்துகிறார். அவரைப் பொறுத்தவரை வேந்தன் கொல்வது கொலையன்று, காவல்.

இவ்விளக்கம் வசதியானது. வசதி மிகுந்திருப்பதாலேயே நாம் அதனை ஐயுறுகிறோம். இன்னா செய்யாமை துறவிக்கு மட்டும் உரியதாயின், 'சான்றாண்மை'யின் 987ஆம் குறளுக்குப் பொருட்பாலில் என்ன வேலை? தீங்கு செய்தவர்க்கும் இனியன செய்யாவிட்டால் சான்றாண்மையால் என்ன பயன் என்று அது வினவுகிறது. சான்றோர் துறவியர் அல்லர். ஊரிலும் அவையிலும் வாழ்வோர். அதனினும் கூர்மையானது 'இகல்' அதிகாரத்தின் 852ஆம் குறள். பிளவு கருதி ஒருவன் வெறுப்பனவற்றைச் செய்தாலும், பகைமை கருதி அவனுக்கு இன்னாதன செய்யாமை சிறந்தது என்கிறது அது. பகைமாட்சி, உட்பகை முதலிய அதிகாரங்கள் சூழ நிற்கும் இடத்தில், அரசியலாளர்க்குச் சொல்லும் நூற்பகுதியில், துறவறவியலின் அதிகாரத் தலைப்பே சொல் மாறாமல் வந்து அமர்கிறது. ஆகவே இரு நெறி என்னும் வேலியை வள்ளுவரே தாண்டியிருக்கிறார்.

இனி எதிர்த்தரப்பையும் மறைக்கலாகாது. 'படைச்செருக்கு' என்னும் அதிகாரம் இருக்கிறது. விழுப்புண் படாத நாளெல்லாம் வீணான நாள் என்று எண்ணும் வீரன் அங்கே போற்றப்படுகிறான் (776). தன்னைப் பேணிய தலைவன் கண்ணீர் விடுமாறு சாகப்பெறின் அச்சாவு இரந்தேனும் பெறத்தக்கது என்று 780 பேசுகிறது. இவ்வதிகாரத்தைப் படித்தபின் வள்ளுவரைப் போர் மறுப்பாளர் என்று எவரும் கூறத் துணியார். டால்ஸ்டாய் இதனை அறிந்திருந்தாரா என்பது நம் வினாவன்று. அறிந்திருந்தாலும் எடுத்திருக்கமாட்டார், ஏனெனில் அரசு, படை, நீதிமன்றம் ஆகிய எதற்கும் அவரது அறவுலகில் இடமில்லை. 1894இல் வெளிவந்த 'தேவனது இராச்சியம் உங்களுக்குள்ளே' என்னும் பொருள்தரும் நூலில் அதை அவர் ஐயத்துக்கு இடமின்றி எழுதினார். 1895இல் தம் ஆயுதங்களைத் தீயிலிட்டுப் படைச்சேவையை மறுத்த துக்கோபார் என்னும் உருசிய உழவர் சமயத்தார் கனடாவுக்குக் குடிபெயர்வதற்காகத் தம் 'புத்துயிர்ப்பு' நாவலின் வருவாயை அளித்தார். எனவே அவரது மறுப்பு முழு மறுப்பு. போர் கூடாது என்பதோடு அது நிற்பதில்லை. போரை நடத்தும் அமைப்புக்கு உடலாலும் வரியாலும் துணைநில்லேன் என்பது வரை செல்கிறது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தாமல் மேற்செல்ல இயலாது. போரை வெறுத்தல் வேறு. வன்முறையைக் கொள்கையால் மறுத்தல் வேறு. தமிழ் இலக்கியத்தில் முன்னதற்கு ஏராளமான சான்றுகள் உண்டு. கோவூர்கிழார் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று பாடிய புறப்பாட்டு (45) நம் மாணவர் நன்கு அறிந்தது. இருவரும் சூடியிருப்பது பனம்பூவுமன்று, வேம்புமன்று, ஆத்தியே. யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்பது அவர் வாதம். மிகச் சிறந்த வாதம். ஆயினும் அது உறவுக்குள் போர் வேண்டா என்பதற்கு மேல் செல்லவில்லை. சேரனோ பாண்டியனோ எதிர்நின்றிருந்தால் அவ்வாதம் செல்லாது. அவரே பிற பாடல்களில் நலங்கிள்ளியின் போர்வெற்றியைப் பாராட்டவும் செய்கிறார். இக்காலத்துக் கட்டுரைகள் சில அவரை 'உலகின் முதல் அமைதிவாதி' என்று முடிசூட்டுவது சந்து செய்விக்கும் சான்றோனையும் படைக்கலம் தொட மறுப்பவனையும் ஒன்றாக்கும் குழப்பம். கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக்காலில் இடவிருந்தபோது பாடிய பாட்டு (46) ஒன்றே சற்று வேறானது. யானையைக் கண்டு அழுகை மறந்து, புதிய மன்றத்தைக் கண்டு மருளும் சிறுவரைக் காட்டிவிட்டு, இனி உன் விருப்பம்போல் செய் என்று புலவர் நிறுத்திக்கொள்கிறார். அங்கே குலம் பேசப்பட்டாலும் பாட்டை நடத்துவது குழந்தைகளின் கண்கள். அரசனை நாணவைக்கும் நன்னயத்துக்கு அணித்தாக ஒரு சங்கப்பாட்டு வருவது அங்கேதான்.

நாண் என்னும் சொல்லுக்கு மீள்வோம். 314இல் செயல் முழுவதும் இச்சொல்லின்மீதே ஊன்றி நிற்கிறது. தீங்கு செய்தவன் நாண வேண்டும். நாணவில்லையெனில் என்ன செய்வது? அகிம்சைக்கு எதிராகக் கேட்கப்பட்ட வினாக்களுள் இதுவே வலிமையானது. 1909 சூலையில், காந்தியடிகள் இலண்டனுக்குச் சென்றுகொண்டிருந்த நாள்களில், திரான்சுவால் சிறையினின்று விடுபட்ட சில நாளில் நாகப்பன் என்னும் தமிழ் இளைஞர் உயிர் துறந்தார். அடுத்த ஆண்டில், நாடுகடத்தப்பட்டுத் திரும்பிவந்த நாராயணசாமி கரையிறங்க விடப்படாமல் கடலிலேயே அலைக்கழிக்கப்பட்டு மாண்டார். தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் தம் பதினாறாம் வயதில் இறந்தார். ஆட்சியாளர் நாணினரா? 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுன் வரி நீங்கியது. நாணத்தால் நீங்கியதா, வேலைநிறுத்தத்தால் சுரங்கமும் கரும்புத் தோட்டமும் முடங்கியதால் நீங்கியதா என்று வரலாற்றாசிரியர் கேட்பர். இரண்டும் கலந்தே என்பது நம் எண்ணம். ஆனால் நன்னயத்தால் மட்டும் என்று சொல்வோமாயின், பல்லாயிரம் தொழிலாளர் கூலியை இழந்து நின்ற நிற்பை மறைத்தவராவோம்.

காந்தியடிகளையும் இவ்வளவையால் அளக்க வேண்டும். அவரை முழுமையான போர் மறுப்பாளர் என்பது பொருந்தாது. 1899இல் போயர் போரில் காயமுற்றோரைச் சுமக்கும் இந்தியர் படைப்பிரிவை அமைத்தார். 1906இல் சூலுக்கள் கிளர்ந்தபோதும் அவ்வாறே செய்தார். 1918இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று பிரித்தானியப் படைக்கு ஆள் சேர்க்கவும் முயன்றார். அடிக்க அஞ்சி ஒதுங்குபவன் அகிம்சையாளன் அல்லன், அடிக்க வல்லவன் அடியாதிருப்பதே அகிம்சை என்பது அவர் இதற்குச் சொன்ன நியாயம். இந்நியாயம் டால்ஸ்டாய்க்கு உடன்பாடாகியிராது. ஆனால் குறளுக்கு இது அயலன்று. 773ஆம் குறள் அஞ்சாமையை ஆண்மையென்று கூறி, பகைவனுக்கு இடுக்கண் நேர்ந்தபோது உதவுவதை அவ்வாண்மையின் கூர்முனை என்கிறது. வீரத்தின் நுனியில் இரக்கத்தை வைக்கும் இக்குறள் படைச்செருக்கின் நடுவிலேயே இருக்கிறது. 'அன்புடைமை'யின் 76ஆம் குறளில் மறத்துக்கும் அன்பே துணை என்று வருவதற்கு, பகைமையை நீக்கத் துணை என்று பரிமேலழகரும், வீரச்செயலுக்கும் அன்பே அடிப்படை என்று பிறரும் பொருள் கொள்வதை இதனோடு சேர்த்துப் படித்தால், உரைவேறுபாடு இலக்கணத்தோடு முடியவில்லை என்பது புலனாகும். டால்ஸ்டாயும் காந்தியடிகளும் பிரியும் இடமும் அதுவே.

டால்ஸ்டாய் மடலின் மொழிபெயர்ப்பில் நழுவிப்போன ஒரு சிறு சொல் உண்டு. 314இன் இறுதியில் நிற்கும் 'விடல்' அது. துணைவினையாகக் கொண்டு கடந்து செல்வோரே மிகுதி. பரிமேலழகர் அவ்வாறு கடக்கவில்லை. அவர் செய்த தீமையையும் தாம் செய்த நன்மையையும் ஆகிய இரண்டையும் மறத்தலே விடல் என்கிறார். துறவிக்கென்று வேலியிட்ட அதே உரையாசிரியர் இவ்வோரிடத்தில் டால்ஸ்டாயினும் ஆழமாகச் செல்கிறார் என்பது நம் துணிபு. ஏனெனில் எதிரியை நாணச்செய்வது என்பது தனக்குள் ஒரு வன்மையை ஒளித்து வைத்திருக்கக்கூடும். 'உனக்கு நான் நன்மை செய்தேன், பார்' என்று நிற்பவன் கையில் கோலில்லை; ஆனால் ஒறுத்துக்கொண்டுதான் இருக்கிறான். நன்மையைக் கணக்கில் வைப்பது நன்மையைப் படைக்கலமாக்குவதே. உண்ணாநோன்புகளைப் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த குறைகூறல்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே அமைந்தன. 1932இல் புனே ஒப்பந்தத்துக்கு முன் காந்தியடிகள் மேற்கொண்ட நோன்பு தம்மீது செலுத்தப்பட்ட வற்புறுத்தல் என்றே அம்பேத்கர் கருதினார். அதற்கு விடை கூறாமல் நன்னயத்தைப் புகழ்வது எளிது. அமைப்பாகத் திரண்டு, நாள் குறித்து, செய்தியாளரை அழைத்து நடத்தும் போராட்டம் தன் நன்மையை மறக்க இயலுமா என்பது கடினமான வினா. இயலாது என்றே நமக்குத் தோன்றுகிறது. அதனால் அப்போராட்டம் தாழ்ந்ததாகிவிடாது. ஆனால் அது 314 கூறும் ஒறுத்தல் அன்று. கொல்லாமல் வற்புறுத்தும் வேறொரு வழி. வேறொரு பெயருக்கும் வேறொரு மதிப்பீட்டுக்கும் உரியது.

இதனை வகுப்பறையோடு பொருத்திப் பார்க்க வேண்டிய கடன் நமக்கு உண்டு. நம் தமிழ்ப்பள்ளிகளில் குறள், செய்யுளும் மொழியணியுமாகப் பயிற்றப்படுகிறது. ஒரு குறள், ஒரு வரிப் பொருள், அதற்கேற்ற ஒரு சூழல் என்பது வழக்கமான அமைப்பு. தேர்வுக்கு அது போதும். ஆனால் 2023இல் மலேசியா கட்டாய மரண தண்டனையை நீக்கி, தூக்கு விதிப்பதா என்பதை நீதிபதியின் தேர்வுக்கு விட்டது. மேனிலை வகுப்பு மாணவன் ஒருவன் இதுபற்றி வள்ளுவர் கருத்து யாது என்று கேட்டால், 550ஐ மட்டும் படித்த ஆசிரியர் ஒரு விடையும், 314ஐ மட்டும் படித்தவர் அதற்கு நேர்மாறான விடையும் கூறுவர்; இருவரும் வள்ளுவர் பெயராலேயே கூறுவர். இரண்டையும் 579ஐயும் ஒரே பாடவேளையில் பலகையில் எழுதி, ஒறுத்தல் என்னும் சொல்லுக்கு அடியில் கோடிட்டு, மாணவரையே பேசவிடும் ஆசிரியரையே நாம் விரும்புகிறோம். அவ்வாறு செய்தால் குறளின் பெருமை குன்றிவிடும் என்று அஞ்சும் நண்பர்களும் உளர். குன்றினால் குன்றட்டும், குறள் அதைத் தாங்கும்.

இறுதியாக, டால்ஸ்டாய் மடலில் இடம்பெறாத நான்கு குறட்பாக்கள். 316, 318 இரண்டும் தன் நோவை அறிந்தவன் அதைப் பிறர்க்குச் செய்யலாமா என்பதைப் பேசுவன. 320 தீங்கு தன்னைச் செய்தவனையே சாரும் என்பது. 319 அக்கருத்தை முன்னமே சொல்லிவிட்டதால் அதை விட்டது இயல்பே. எஞ்சுவது 317. எவ்வளவு சிறிதாயினும், எக்காலத்தும், யாவர்க்கும், மனத்தாலும் தீங்கு செய்யாமையே தலையானது என்னும் அக்குறள் அதிகாரம் முழுவதிலும் கடுமையானது. விதிவிலக்குக்கு ஓர் இடுக்குக்கூட அதில் இல்லை. முழு மறுப்பைப் போதித்த ஒருவர் தம் கொள்கைக்கு மிகவும் பொருந்திய இக்குறளை எடுக்காமல் விட்டது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் மடலின் போக்கை நோக்கினால் இது அங்கே பொருந்தியிராது என்றும் சொல்லலாம். வரி கொடாதே, படையில் சேராதே, நீதிமன்றத்தில் பணியாற்றாதே என்பவை கைகால்களுக்கு இடக்கூடிய கட்டளைகள். ஒரு நாட்டாரை நோக்கிச் சொல்லத்தக்கவை. மனத்தாலும் இன்னா செய்யாதே என்பதை வான்கூவரில் இருந்துகொண்டு ஆயுதம் வேண்டிய தாரக்நாத் தாஸுக்கோ, ஓர் எழுச்சிக்கோ கட்டளையாக இடமுடியாது. அதை ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவே.